கோடையில் குடோன் வேலை: சூடு எங்கிருந்து வருகிறது, எப்படி வெளியேறுகிறது

கோடையில் குடோன் வேலை பற்றிப் பேச்சு வந்தாலே முதல் கேள்வி, "உள்ளே எத்தனை டிகிரி?" என்பதுதான். சுவரில் தொங்கும் வெப்பமானி 34 காட்டினால், "வெளியே 38 அடிக்கிறது, இது என்ன பெரிய சூடு" என்று பதில் வரும். ஆனால் வெளியே நிழலில் 38 டிகிரியில் உட்கார்ந்திருப்பவரைவிட, உள்ளே 34 டிகிரியில் பெட்டி தூக்கிக்கொண்டிருப்பவர் மயங்கி விழத்தான் வாய்ப்பு அதிகம். சுவரில் இருக்கும் வெப்பமானி காற்றின் சூட்டை மட்டும்தான் அளக்கிறது. வேலை செய்கிறவரின் உடம்புக்குள் உண்டாகும் சூடு அதில் தெரியாது.

தசை செலவழிக்கும் ஆற்றலில், ரொம்ப நன்றாகப் போனாலும் கால் பங்குதான் உருப்படியான வேலையாக மாறும். மீதி முக்கால் பங்கும் சூடுதான். குனிந்து, தூக்கி, நடந்து, இறக்கி வைக்கிற வேலையில் அந்தக் கால் பங்குகூடத் தேறாது. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு சுமார் 100 வாட் சூட்டை உண்டாக்கும். நிதானமாகப் பெட்டி அடுக்கினால் 300 வாட். கனமான மூட்டைகளை விடாமல் இறக்கினால் 400, 500 வாட் வரை போகும். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடம்பில் 300 வாட் சூடு வெளியேற வழியில்லாமல் அப்படியே தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். கால் மணி நேரத்துக்குள் உள்வெப்பம் 1 டிகிரி ஏறிவிடும். 37 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டிய உள்வெப்பம் 40ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நடுவில் இருப்பது வெறும் 3 டிகிரி, அதாவது முக்கால் மணி நேரம்கூட இல்லை.

நடைமுறையில் அப்படி நடக்காததற்குக் காரணம், உடம்பு அந்தச் சூட்டை ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதுதான். வெயிலில் வேலை செய்யும்போது தோலின் வெப்பம் 35 டிகிரியை ஒட்டி இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் கொஞ்சம் சூடு காற்றோடு போய்விடும். காற்றும் 35ஐத் தொட்டுவிட்டால் அந்த வழி அடைபடும். அதற்கு மேல் போனால் காற்றே உடம்பைச் சுட ஆரம்பிக்கும். அப்புறம் மிஞ்சுவது வியர்வை ஒன்றுதான். 1 லிட்டர் வியர்வை முழுக்கக் காய்ந்தால் சுமார் 2,400 கிலோஜூல் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர் காய்ந்தாலே 300 வாட் வேலையைச் சமாளித்துவிடலாம் என்று அர்த்தம்.

ஆனால் அது காய வேண்டும். புருவத்திலும் முழங்கையிலும் சொட்டித் தரையில் விழுகிற வியர்வை ஒரு துளி சூட்டைக்கூட எடுப்பதில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் போனதுதான் மிச்சம். காய்ந்த துண்டால் கையையும் கழுத்தையும் அடிக்கடி துடைத்துக்கொள்கிறோமே, அதுவும் இதே கதைதான்: தோலைக் குளிர்விக்க வந்த தண்ணீரைத் துணிக்குக் கொடுத்துவிட்டு, உடம்பை மறுபடியும் சுரக்கச் சொல்கிறோம். கண்ணில் இறங்கி எரிகிறது என்றால் நெற்றியைத் துடைக்கத்தான் வேண்டும். மற்ற இடங்களுக்கு நனைத்துப் பிழிந்த துணிதான் நல்லது. அது துடைத்த இடத்தில் ஒரு மெல்லிய ஈரத்தை விட்டுவிட்டுப் போகும்; உடம்பு தன் கைவசமுள்ள தண்ணீரைச் செலவழிக்காமலேயே குளிரும். சட்டைக்கு மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு வேலை செய்தால் இந்த வழியும் அடைபட்டுப் போகிறது. ஒளிரும் பட்டை போட்ட பாதுகாப்பு மேலாடை கட்டாயம் என்றால், வலைத்துணியில் தைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

வியர்வை காய்வதைத் தீர்மானிப்பது காற்றின் ஈரப்பதமும் ஓட்டமும். நாம் புழுக்கம் என்று சொல்வது இந்த இரண்டும் கெட்டுப்போன நிலையைத்தான். இதை அளந்து காட்டியவர்களில் முக்கியமானவர் பிரிட்டிஷ் உடலியங்கியல் அறிஞர் ஜான் ஸ்காட் ஹால்டேன். சுரங்கத் தொழிலாளர்களுக்காக அவர் செய்த ஆராய்ச்சி 1905இல் வெளியானது. சாதாரண வெப்பமானி காட்டும் எண்ணைவிட, குமிழில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் எண்தான் உடம்புக்கு முக்கியம் என்று அவர் கண்டார். அசையாத காற்றில் அந்த ஈரக்குமிழ் அளவு 31 டிகிரியைத் தாண்டினால், சட்டையில்லாமல் சும்மா இருப்பவருக்கும் உடல் சூடு ஏறிக்கொண்டே போகும். வேலை செய்கிறவருக்கு வரம்பு இன்னும் கீழே.

பிறகு 1950களில், அமெரிக்கக் கடற்படைத் துறையின் கீழ் வரும் மரீன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் பலர் சுருண்டு விழுந்தபோது, கான்ஸ்டன்டின் யாக்லூ, டேவிட் மினார்ட் என்ற இருவர் ஈரக்குமிழோடு, வெயிலும் சூடான பரப்புகளும் வீசும் கதிர்வெப்பத்தையும் சேர்த்து ஒரே எண்ணாக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஈரக்குமிழ்க் கோள வெப்பநிலை என்று அதற்குப் பெயர். கட்டடத்துக்குள் கணக்குச் சுலபம்: ஈரக்குமிழ் அளவில் 70 சதவீதம், கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 30 சதவீதம். இன்று ஐஎஸ்ஓ 7243 என்ற சர்வதேசத் தரநிலை இதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நடுத்தர வேலைக்கு வரம்பு, வெப்பத்துக்குப் பழகியவர் என்றால் 28 டிகிரி, பழகாதவர் என்றால் 26. கடினமான வேலைக்கு 26, 23. இவற்றைத் தாண்டினால் அப்படியே வேலையைத் தொடரக் கூடாது. ஏதாவது ஒன்றை மாற்ற வேண்டும்.

மேலே சொன்ன 34 டிகிரி குடோனையே எடுத்துக்கொள்வோம். ஈரப்பதம் 50 சதவீதம், கூரைச் சூட்டில் கறுப்புக் கோளம் 36 காட்டுகிறது என்றால், கணக்கு 29ஐ ஒட்டி வரும். பழகிய ஆளுக்கே நடுத்தர வேலைக்கான வரம்பைத் தாண்டிவிட்டது. அதே 34 டிகிரியில் ஈரப்பதம் 25 சதவீதமாக இருந்தால் கணக்கு 25 பக்கம் இறங்கிவிடும். வெப்பமானியில் ஒரே எண்தான். ஒன்று தாங்கக்கூடிய நாள், இன்னொன்று ஆபத்தான நாள். ஈரப்பதத்தையும் சேர்த்துக் காட்டும் சின்னக் கருவி ஒன்றாவது வேலை நடக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அலுவலக அறையின் சுவரில் மாட்டியிருப்பதால் யாருக்கும் பயனில்லை.

இடம் என்று சொல்லும்போது, ஒரே குடோனுக்குள் பல வானிலை உண்டு. தகரக் கூரை உச்சி வெயிலில் தொட்டால் சுடுகிற அளவுக்குக் காய்ந்து, அந்தச் சூட்டைக் கதிராகக் கீழே வீசும். சூடான காற்று மேலே போய்த் தங்கும். தரையில் நிற்பவருக்குத் தாங்கும்படி இருக்கும்போதே, உயர ரேக்கின் கடைசித் தட்டில் சரக்கு எடுப்பவரும் இடைத்தளத்தில் நிற்பவரும் வேறு உலகத்தில் இருப்பார்கள். எல்லாவற்றிலும் மோசம் கண்டெய்னர். வெயிலில் கிடந்த இரும்புப் பெட்டி, ஒரே ஒரு வாசல். உள்கோடியில் நின்று லோடு இறக்குபவருக்குக் காற்றே கிடையாது. அவருடைய வியர்வையே அங்குள்ள காற்றை ஈரமாக்கிவிடும், அடுத்த வியர்வை காயாது. வேலையும் அங்கேதான் கனம். ஆகவே முதலில் கவனிக்க வேண்டிய இடம் கண்டெய்னர்தான். ஆளை அடிக்கடி மாற்ற வேண்டும், தனியாக யாரையும் உள்ளே விடக் கூடாது, வாசலில் ஒரு ஃபேனை உள்நோக்கி வைக்க வேண்டும், முடிந்தவரை விடியற்காலையில் இறக்கிவிட வேண்டும்.

கூரைக்கு வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு, தகரத்துக்கு அடியில் வெப்பத் தடுப்பு, மேலே சூடான காற்று வெளியேற வழி, கீழே புதுக்காற்று வர வழி: கட்டடத்தில் செய்ய வேண்டியவற்றில் பலன் அதிகம் தருபவை இவை. இரவில் கதவுகளைத் திறந்து, பகலெல்லாம் காய்ந்த தரையையும் சரக்கையும் ஆறவிடுவதும் கைகொடுக்கும். திருட்டுப் பயத்தில் எல்லாவற்றையும் இறுகப் பூட்டிவிட்டுப் போனால், காலையில் வருகிறவர் நேற்றைய சூட்டிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார். கம்பிக் கதவு போட்டால் இரண்டும் நடக்கும்.

ஃபேன் விஷயத்துக்கு வருவோம். 1770களில் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் நண்பர்களோடு சேர்ந்து, 100 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடாக்கிய அறைக்குள் போய்ச் சில நிமிடங்கள் நின்று காட்டினார். காற்று உலர்ந்திருந்தது, வியர்வை காய்ந்தது, அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அறையில் வைத்த மாட்டிறைச்சித் துண்டு வெந்தே போனது. அதோடு விடாமல் இன்னொரு துண்டின்மேல் துருத்தியால் காற்று ஊதிப் பார்த்தார்கள். ஊதாத துண்டு ஒன்று 33 நிமிடத்தில் வெந்திருந்தது. ஊதிய துண்டு 13 நிமிடத்திலேயே பெரும்பாலும் வெந்துவிட்டது. ஃபேனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியது இதில் இருக்கிறது. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை, நகர்த்துகிறது. காற்று 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்வரை ஃபேனால் நன்மைதான். அதற்கு மேலும், நன்றாக வியர்க்கிறவருக்கு, வியர்வையைக் காயவைப்பதால் கொஞ்ச தூரம் உதவும். 40ஐத் தாண்டிய உலர்ந்த காற்றை வெறும் தோலின்மேல் வீசினால் அந்த இறைச்சித் துண்டின் நிலைமைதான். அப்போது ஃபேன் முன் நிற்பதாக இருந்தால் கையிலும் முகத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

கூரையில் மெதுவாகச் சுழலும் ராட்சத ஃபேன்கள் பெரிய பரப்புக்குக் காற்றோட்டம் தரும். ஆனால் உயர ரேக்குகளின் சந்துக்குள் அந்தக் காற்று சரியாக நுழையாது. ஆள் நின்று வேலை செய்யும் இடத்தைக் குறிபார்த்து வைத்த சின்ன ஃபேன் அங்கே அதிகம் உதவும். தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர் கூலர் உலர்ந்த ஊர்களில் அருமையாக வேலை செய்யும். புழுக்கமான இடத்தில், காற்று வெளியேற வழி இல்லாத கட்டடத்தில், அது இன்னும் ஈரத்தைச் சேர்த்துக் காரியத்தைக் கெடுத்துவிடும்.

தண்ணீர் பற்றி எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறோம். அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்வது, 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை, சுமார் 240 மில்லி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உடம்பு பின்தங்கிவிடும். பிறகு ஒரே மூச்சில் ஒரு லிட்டரைக் குடித்தால் வயிறுதான் கனக்கும். மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேல் போகவும் கூடாது. ரத்தத்தில் உப்பின் செறிவு குறைந்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று அதுவே தனி ஆபத்தாகும். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவருக்கு இழந்த உப்பு பெரும்பாலும் உணவிலேயே திரும்பிவிடும். பல மணி நேரம் கொட்டக் கொட்ட வியர்த்தால் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் உதவும். உப்பு மாத்திரை தேவையில்லை. ரத்த அழுத்தத்துக்கு, குறிப்பாகச் சிறுநீர் பெருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் கோடை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் தண்ணீர்க் குடத்தை வைத்துவிட்டால் மட்டும் ஆள் குடித்துவிட மாட்டார். கழிப்பறை கட்டடத்தின் மறுகோடியில் இருந்து, போய்வரும் நிமிடங்களை யாரோ கணக்கெடுத்தால், மனிதர்கள் வேண்டுமென்றே குடிக்காமல் இருப்பார்கள். பெண்கள் இதை இன்னும் அதிகமாகச் செய்கிறார்கள், சுத்தமில்லாத கழிப்பறை என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்திலும், கழிப்பறை கேள்வி கேட்காத தூரத்திலும் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைவிடவும் நான் முக்கியமாக நினைப்பது முதல் வாரம். அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிர்வாகமான ஓஷா சொல்லும் கணக்கு நெஞ்சை உறுத்துகிறது: வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் இறப்புகளில் கிட்டத்தட்ட பாதி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளில், 70 சதவீதத்துக்கு மேல் முதல் வாரத்துக்குள். வெப்பத்துக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடம்பில் வியர்வை முன்கூட்டியே தொடங்கும், அதிகமாகச் சுரக்கும், அதில் உப்பு குறைவாகப் போகும். ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், அதே வேலைக்கு இதயம் குறைவாகத் துடித்தால் போதும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வெப்ப மரணங்கள் பெருகிய பிறகு, புதியவர்களை ஆழத்துக்கு அனுப்பும் முன் சூடான அறையில் படி ஏறி இறங்க வைத்துப் பல நாள் பழக்கினார்கள். அத்தனை தெளிவாகத் தெரிந்த விஷயம் இது.

புதியவருக்கு நியோஷ் தரும் வழி எளியது: முதல் நாள் வெப்பத்தில் வழக்கமான வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டுவது. பழைய ஆள் விடுப்பு முடிந்து திரும்பினால் 50, 60, 80, 100 என்று நான்கு நாள். ஒரு வாரம் விட்டுவிட்டாலே பழக்கம் கரையத் தொடங்கும். நடப்பது என்னவோ நேர்மாறு. புதிதாக வந்தவர்தான் தன்னை நிரூபிக்கத் துடிப்பார். "முடியவில்லை" என்று சொல்ல வெட்கப்படுவார். அவரிடம்தான் கண்டெய்னரைக் காட்டி, "போய் இறக்கு" என்பார்கள். முதல் வாரம் ஒரு பழைய ஆளோடு ஜோடி சேர்த்துவிட்டு, "அவர் உட்காரும்போதெல்லாம் நீயும் உட்கார்" என்று சூப்பர்வைசரே வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

வேலையின் வேகம்தான் அடுத்தது. மனித உடம்புக்கு ஒரு நல்ல குணம் உண்டு: சூடு ஏறினால் தானாகவே கை மெதுவாகும். யாரும் விரட்டாதவரை அதுவே பெரிய பாதுகாப்பு. மணிக்கு இத்தனை பெட்டி என்று ஸ்கேனர் எண்ணிக்கொண்டிருந்தால், அல்லது எண்ணிக்கைக்கேற்பக் கூலி என்றால், அந்தப் பாதுகாப்பைப் பிடுங்கிவிடுகிறோம். 300 வாட் வேலையை 200 வாட்டாகக் குறைப்பதற்கு ஈடான குளிர்ச்சியைத் தருகிற ஃபேனோ குளிர் உடுப்போ சாதாரணமாகக் கிடைக்காது. பேலட் தள்ளுவண்டி, உருளைத் தடம், கனமான சரக்கை இடுப்பு உயரத்தில் வைப்பது, ஒரு பெட்டியை இரண்டு பேர் தூக்குவது எல்லாமே உடம்புக்குள் பிறக்கும் சூட்டைக் குறைக்கும் ஏற்பாடுகள்தான். வெக்கை நாளில் இலக்கைக் குறைக்க வேண்டும். களைத்து விழுந்த பிறகு தரும் நீண்ட ஓய்வைவிட, சூடு சேரும் முன்பே குளிர்ந்த இடத்தில் தரும் குட்டி ஓய்வுகள் நல்லது.

"அப்படியெல்லாம் ஓய்வு கொடுத்தால் வேலை நடக்குமா?" என்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. எல் சால்வடாரில் கரும்பு வெட்டுபவர்களுக்கு, கடும் வெப்பத்தில் தொடர்ந்து நீரிழந்து உழைப்பதோடு தொடர்புள்ள சிறுநீரக நோய் பரவிக்கொண்டிருந்தது. 2014–15 அறுவடையில் தண்ணீர், நிழல், முறையான ஓய்வு என்று ஏற்பாடு செய்து பார்த்தார்கள். ஆள் ஒன்றுக்கு வெட்டிய கரும்பு குறையவில்லை, கூடியது. மறுபக்கம், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கை, கடும் வெப்பத்தால் ஆண்டுக்கு சுமார் 2.28 கோடி பணியிடக் காயங்களும் 18,970 இறப்புகளும் நேர்வதாக மதிப்பிடுகிறது. காயங்கள் இத்தனை ஏன் என்றால், சூட்டில் முதலில் தடுமாறுவது கவனம். வியர்த்த கையில் பெட்டி நழுவும், பாதுகாப்புக் கண்ணாடி பனிக்கும், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவர் ஒரு கணம் தாமதமாகப் பிரேக்கை மிதிப்பார்.

கழுத்தில் போடும் குளிர்த்துண்டு சுகமாக இருக்கும்; ஆனால் உள்வெப்பத்தை அது பெரிதாகக் குறைப்பதில்லை. "குளிர்ந்துவிட்டேன்" என்ற நினைப்பில் மேலும் வேகமாக வேலை செய்ய வைத்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. நனைத்துப் போடும் மேலாடைகள் உலர்ந்த காற்றில் உதவும், புழுக்கத்தில் வெறும் பாரம். பனிக்கட்டி வைத்த உடுப்பு எங்கும் வேலை செய்யும்; உருகும்வரை. இவற்றைவிட மலிவான ஒன்றைத் தீயணைப்பு வீரர்கள் கையாளுகிறார்கள்: ஓய்வு நேரத்தில் இரண்டு கைகளையும் முழங்கை வரை குளிர்ந்த நீரில் 15, 20 நிமிடம் அமிழ்த்தி வைப்பது. உள்ளங்கையிலும் முன்கையிலும் ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால், உள்ளே உள்ள சூடு அந்த வழியாக நிஜமாகவே இறங்கும். ஓய்வறையில் இரண்டு பெரிய வாளிகள் வைத்தால் போதும்.

இத்தனையும் மீறி ஒருவருக்குத் தலை சுற்றினால், குமட்டினால், கை கால் தசை இழுத்துப் பிடித்தால், வேலையை நிறுத்திக் குளிர்ந்த இடத்தில் படுக்கவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். ஆனால் பேச்சு குழறினால், சம்பந்தமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் வராவிட்டால், அது வெப்பத் தாக்கு. வியர்வை நின்று தோல் வறண்டால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நம்புகிறார்கள். உழைப்பால் வரும் வெப்பத் தாக்கில் ஆள் தொப்பலாக வியர்த்தபடியேதான் இருப்பார். அந்த நம்பிக்கையால் வீணாகும் நிமிடங்கள் உயிரை எடுக்கும்.

ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிட, மற்றவர்கள் அந்த நொடியே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். முதலில் குளிர்விப்பு, பிறகுதான் பயணம். குடோனில் இதற்கான கருவி கையருகிலேயே இருக்கிறது: தார்ப்பாய். ஆளை அதன் நடுவில் கிடத்தி, மூன்று நான்கு பேர் ஓரங்களைத் தொட்டில்போலத் தூக்கிப் பிடித்து, கிடைக்கும் குளிர்ந்த தண்ணீரையும் பனிக்கட்டியையும் உள்ளே கொட்டி, தண்ணீர் உடம்பு முழுக்கப் படும்படி மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலேயே இருக்கும்படி ஒருவர் தாங்கிக்கொள்ள வேண்டும். பனிக்கட்டி இல்லாவிட்டால் குழாய்த் தண்ணீரைத் தொடர்ந்து ஊற்றி, ஃபேனைப் போடலாம். நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். இதை ஒருமுறை கோடைக்கு முன்பே எல்லோரும் சேர்ந்து செய்து பழகியிருந்தால், அந்த நேரத்தில் யார் தார்ப்பாயை எடுப்பது, யார் தண்ணீருக்கு ஓடுவது என்ற தடுமாற்றம் இருக்காது.

பிழைத்து வந்தவர் மறுநாளே வேலைக்கு வந்து நின்றால் திருப்பி அனுப்ப வேண்டும். வெப்பத்தைத் தாங்கும் திறன் வாரக்கணக்கில் குறைந்தே இருக்கலாம். மருத்துவர் சம்மதித்த பிறகு, புதிதாகச் சேர்ந்தவரைப் போலவே 20 சதவீதத்திலிருந்து அவரைத் தொடங்கவைக்க வேண்டும், அந்த நாட்களின் கூலியைப் பிடிக்காமல்.